ஏழாம் அத்தியாயத்து எறும்புகள்

டீயில் சர்க்கரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, நான் எதற்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆளில்லை.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அந்தக் காலத்தில் மூன்று உளவு நாவல்கள் எழுதினார். ரயிலில் ரகசியக் காகிதம், பொய்த்தாடி, கைத்தடிக்குள் கத்தி. பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். பிறகு ரகசிய ஏஜெண்டை வைத்து நான் நாற்பது எழுதினேன். என்னுடையவை இன்றும் பஸ் ஸ்டாண்டு கடைகளில் விற்கின்றன. அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன மாதம் ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். அத்தானின் நாவல்கள் என்னுடையவற்றைப் பாதித்திருக்கலாம் என்று கட்டுரை எழுதுகிறாராம். அத்தானின் உளவாளியைப் போலவே என் ஏஜெண்டும் சுவரோரமாகவே உட்காருவதைக்கூடப் பக்க எண்ணோடு குறித்திருந்தார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்ளே, நம்ம ரெண்டு பேர் பேரும் ஒண்ணா அச்சுல வரப்போகுது. அடுத்த வாரம் என் பழைய நோட்டெல்லாம் பாக்க வர்றாங்களாம்."

அந்த நோட்டுகளில் அவர் அச்சுக்குக் கொடுக்காத பதினோரு கதைகள் இருந்தன. பதினொன்றும் என் பெயரில் வந்துவிட்டவை. நோட்டைக் கொளுத்தலாம். அவர் ஞாபகத்தை என்ன செய்வது?

இதயத்துக்கு அவருக்கு மூன்று வேளை கேப்ஸ்யூல். அக்காவுக்குப் பார்வை மங்கல் என்பதால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டுச் சர்க்கரை நிரப்பினேன். அவருடைய முதல் நாவல், ஏழாம் அத்தியாயம். அதில் கொலைகாரன் இப்படித்தான் கேப்ஸ்யூலில் சர்க்கரை நிரப்பி, எறும்பு மொய்த்து மாட்டிக்கொள்வான். என் நாவலில் சர்க்கரையை மாவு என்று மாற்றியிருந்தேன். ஆனாலும் கை சர்க்கரை டப்பாவுக்குத்தான் போனது.

ஐந்தாம் நாள் மாத்திரை டப்பாவில் எறும்பு. அத்தான் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மாவுன்னு மாத்துனது நீதானே மாப்ளே? நல்ல திருத்தம் அது." மூச்சு வாங்கியது. "அக்காவக் கூப்பிடு."

அக்கா கடைக்குப் போயிருந்தாள். எறும்பைத் தட்டிவிட்டுத் தண்ணீரை நீட்டினேன்.

"வந்துருவா அத்தான். இதப் போட்டுக்குங்க."

என் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினார். மறுநாள் காலையில் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை.

துக்கம் கேட்க வந்த ஆசிரியை மறுபடி எறும்பு மொய்த்திருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாராம். கவனமாகப் படிக்கிறவர். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அத்தானிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. எல்லாம் அவராகக் கொடுத்தது.