ஒரு அலமாரிக்கு மட்டும் டேப்பு

இல்லக்கா, இருமல் இல்ல, சிரிப்பு. அடக்க அடக்க வருது. காலைல இருந்து இப்படித்தான். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. உங்களையும் இன்னும் கூப்பிடலையா? கூப்பிடுவாங்க, உள்ள கம்ப்யூட்டர் தூங்குதாம்.

எதுக்குச் சிரிக்கறேன்னா, எல்லாம் ஒரு அலமாரியால. சொல்லட்டுமா? நேரம் போகணும்ல.

நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. நாள் பூரா ஊசி குத்தற வேலை. எவரும் என் பக்கம் திரும்ப மாட்டாங்க, செவுத்தப் பாத்துகிட்டு கைய நீட்டுவாங்க. தனியாதான் இருக்கேன். எங்கண்ணன் வீட்ட விட்டு வெளிய வந்தப்ப, நானாப் பாத்து நானா வாங்கின முதல் சாமான் அந்த அலமாரி. மரம் இல்லக்கா, போர்டு. மரத்தூள அமுக்கிச் செய்வாங்களே, அது. கலரு என்னன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பிரவுனும் இல்ல, சாம்பலும் இல்ல. பால் ஜாஸ்தியான காப்பி ஆறிப்போனா ஒரு நிறம் வருமே, அப்படி.

போர்டு ஓரத்துல தூள் தெரியாம இருக்க ஒரு பட்டை ஒட்டியிருப்பாங்க. எட்ஜ் டேப்புன்னு பேரு. அது பிஞ்சுடுச்சு. நான்தான் தண்ணிய ஊத்தி ஊத்தித் தரையத் துடைச்சேன். ஓரமெல்லாம் வாயப் பொளந்துடுச்சு, எடுக்கற துணியெல்லாம் நூல் மாட்டி இழுக்குது. தண்ணி உள்ள எறங்கினா போர்டு ரொட்டி மாதிரி ஊதிடுமாம். டேப்புக் கடைல போய் போன்ல போட்டோ காட்டினேன். கடைக்காரர், போட்டோல எல்லாக் கலரும் பொய் சொல்லும்மா, சாமானக் கொண்டான்னுட்டார்.

அடுத்த லீவுக்கு டிராயர உருவிகிட்டு பஸ் ஏறிட்டேன். சிரிக்காதீங்க. உள்ள டிபன் பாக்ஸ், குடை எல்லாம் போட்டுகிட்டேன், சும்மாதானே கிடக்கு.

கடைக்குப் போனா எனக்கு முன்னாடி ஒருத்தர், அலமாரிக் கதவையே கழட்டித் தூக்கிட்டு வந்து நிக்கறார். கண்ணாடி வச்ச கதவு! முதல்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது, அப்பறம் ஓரத்தப் பாத்தா அதே கலரு. அதே ஆறின காப்பி. கடைக்காரர் அவரப் பாக்கறார், என்னப் பாக்கறார். ஏம்மா, புருஷன் கதவத் தூக்கறாரு, நீ டிராயரத் தூக்கற, மொத்த அலமாரியையும் வண்டில போட்டுட்டு வந்திருக்கலாம்லன்னார். ஐயோ இல்லைங்கன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். அது இன்னும் மோசமாப் போச்சு.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர். லிஃப்ட்காரர்னுதான் நான் கூப்பிடுவேன். மனைவி தவறிப் பல வருஷம் ஆச்சு.

டேப்புத் துண்டுங்கள வளையத்துல சாவிக்கொத்து மாதிரி கோத்து வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கறோம். கடை வெளிச்சத்துல ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கும், வெயிலுக்குக் கொண்டுபோனா பச்சை அடிக்கும். அவர் கதவத் திருப்பித் திருப்பிப் பாக்க, எதிர்க்கடைக்காரர் கண்ணுல வெளிச்சம் அடிச்சு, அவர் எழுந்து வந்து திட்ட... கடைசில பாத்தா அந்தக் கலரையே கம்பெனி நிறுத்திடுச்சாம். கருப்பு போட்டுக்கலாமான்றார் லிஃப்ட்காரர். அலமாரி துக்கம் காக்கற மாதிரி இருக்கும்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல கதவு கீழ விழப் பாத்துச்சு.

பின்ன? லீவு நாளெல்லாம் கடை கடையா அலைஞ்சோம். சேந்துதான். ரெண்டு பேருக்கும் ஒரே கலருதானே வேணும்!

ஊருக்கு வெளிய ஒரு பட்டறைல, மெஷினுக்கு அடியில ஒரு சுருள் கிடைச்சுது. தூசியத் துடைச்சா நம்ம கலரு. அகலம் சரி, வழவழப்பு சரி. நீளம்தான் இல்ல. ஒரு அலமாரிக்குத்தான் வரும். நீங்க எடுத்துக்கங்கன்னு அவரு, இல்ல நீங்கன்னு நானு, பஸ்ல டிக்கெட் எடுக்கச் சண்டை போடுவாங்களே, அப்படி. ஆளுக்குப் பாதி வெட்டிக்கலாம்னு பாத்தா, ஒரு கண்ணுக்கு மட்டும் மை வச்ச மாதிரி ஆயிடும். கடைசில அவர்தான் ஜெயிச்சார், சுருள் என் கைக்கு வந்துச்சு. அவரே வந்து ஒட்டியும் குடுத்தார்.

பின்னாடி பசையோடதான் வரும், இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டினா ஒட்டிக்கும். நான் டேப்ப இழுத்துப் பிடிக்க, அவர் தேய்க்க. அவர் கை நடுங்குதுக்கா. லிஃப்ட் கம்பில தொங்கற மனுஷனுக்கு! குளிருதான்னு கேட்டா ஆமான்றார், கைல கொதிக்கற இஸ்திரிப் பெட்டிய வச்சுகிட்டு!

ஒட்டி முடிச்சு, பிசிற பிளேடால சீவிட்டு, கிளம்பறேன்னு செருப்ப மாட்டிட்டார். தேடறதுக்கு இனிமே டேப்பு இல்லையே. எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்வார், என் தங்கச்சி எதையும் வாயத் தொறந்து கேக்க மாட்டா, தங்கமானவன்னு. அந்தத் தங்கம் அன்னிக்கு வாயத் தொறந்துடுச்சு. உங்க அலமாரிய என்ன பண்ணுவீங்கன்னேன். தெரியலன்னார். தூக்கிப் போட்டுடுங்க, என்னோடதுல பாதி காலியாதான் கிடக்குன்னேன்.

எங்க புரிஞ்சுது? வாசல்லயே நின்னு முழிக்கறார். அப்பறம் மெதுவா செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தார். தண்ணி கேட்டார்.

அதோ வர்றாரு பாருங்க லிஃப்ட்காரர், நீலச் சட்டை. கூப்பிட்டுட்டாங்களாம். அக்கா, எங்கண்ணன் வர மாட்டேன்னுட்டார். இந்த வயசுல ஊர் சிரிக்குமாம். லேப்ல கூட வேலை பாக்கறவ வந்திருக்கா, அவர் பக்கத்துக்கு ஒருத்தர் வந்திருக்கார், இன்னும் ஒரு சாட்சிக் கையெழுத்து குறையுது. ஆமா, ரிஜிஸ்டர் கல்யாணம்தான், எங்களுக்குத்தான், இப்பதான். போடறீங்களா? யாரக் கேக்கறதுன்னு ரொம்ப நேரமா வர்றவங்க போறவங்க முகத்தையெல்லாம் பாத்துகிட்டே இருந்தேன். நீங்க வந்து பக்கத்துல உக்காந்தீங்க.