வளைவில் நின்ற இலை

“மேஜையைத் தட்டாதீங்க சார், டீ கொட்டுது.”

நான் சொன்னது அவ்வளவுதான். கத்தியதெல்லாம் மற்றவர்கள். எங்கள் குடியிருப்பை ஒட்டி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பாதையில் சிற்பம் வைப்பதற்கான குழு அது. ஓடையோரமா, திடல் பக்கமா என்று பல் டாக்டரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் மல்லுக்கு நின்றார்கள். வைக்கப்போவது என் ஓரகத்தி செய்யும் எஃகு இலைதான் என்பதில் மட்டும் சண்டையே இல்லை.

நானும் ஒன்று வரைந்து கொடுத்திருந்தேன். உடைந்த டைல்ஸ் துண்டுகள் பதித்த பெஞ்சு.

“பெஞ்சு கடையிலேயே கிடைக்குமேம்மா,” என்றார் தலைமையாசிரியர்.

முந்தின ராத்திரி என் வீட்டுக்காரரும் தன் பங்குக்கு, “தம்பி பொண்டாட்டி கையில ஏதோ இருக்குடி,” என்றார். என் கையில் அப்போது அவருடைய அழுக்குச் சட்டை இருந்தது.

“அக்கா, நீங்களே ஒரு இடம் சொல்லுங்க. தினமும் அந்தப் பக்கம் போறவங்க நீங்கதானே,” என்றாள் கூட்டத்தில் பக்கத்தில் இருந்த ஓரகத்தி.

உண்மைதான். யார் யாரோடு நடக்கிறார்கள், யார் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் பார்க்க ஒருத்தி வேண்டாமா? இறக்கம் முடிகிற வளைவைச் சொன்னேன்.

எங்கள் குழு காலையில்தான் இடம் பார்க்கும். மாலையில் டாக்டருக்குக் கிளினிக், தலைமையாசிரியருக்குப் பேரப்பிள்ளைகள். வளைவு நிழலில் குளுகுளுவென்று கிடந்தது. கைதட்டாத குறை.

ஆளுயர இலை, முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதை வளைவில் நிறுத்திய பிறகு ஒரு வாரம் மழை மூட்டம். அந்த வாரம் முழுக்க அவளை எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் கொழுந்தனார் அலுவலகத்திலிருந்து வரும் வழியை மாற்றிக்கொண்டு அந்தப் பாதையிலேயே சைக்கிளில் வந்தார், பெண்டாட்டியின் இலையைப் பார்க்க.

மூட்டம் விலகிய முதல் மாலை, இலையில் பட்ட வெயில் நேரே அவர் முகத்தில் அடித்திருக்கிறது. வளைவில் திரும்பாமல் சைக்கிளோடு ஓடைக் கற்களில் போய் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

“சாயங்காலம் அங்க வெயில் எப்படி அடிக்கும்னு நீங்க பார்க்கலையாக்கா?” என்று ஓரகத்தி கேட்டாள்.

“எல்லாரும் காலையிலதானேம்மா பார்த்தோம்,” என்றேன். நம்பினாள். நல்ல பெண்.

பார்த்திருந்தேன். அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே, ஒரு மாலை, சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வளைவில் மரக்கிளையில் சாய்த்து வைத்தேன். இறக்கத்தில் ஏறி நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்குக் கண்ணே தெரியவில்லை. யாராவது ஒருவர் விழுந்தால் இலையைக் கழற்றிவிடுவார்கள், அது போதும் என்று நினைத்தேன். கொழுந்தனாராக இருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இருக்கக் கூடாது என்றும் நினைக்கவில்லை.

இலையைக் கழற்றினார்கள். ஓரகத்தி வீட்டைக் காலி செய்துகொண்டு போய், அந்த இலைக்கு மெருகு போட்ட வெல்டரையே கட்டிக்கொண்டாளாம். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வருத்தம்தான், என்ன இருந்தாலும் கூடப்பிறக்காத தங்கை. வளைவில் இப்போது என் பெஞ்சு இருக்கிறது. மாலையில் உட்கார்ந்து பாருங்கள், கண் கூசவே கூசாது. அதற்கென்றே மங்கலான டைல்ஸாகப் பார்த்துப் பதித்தேன். யாரும் விழுந்துவிடக் கூடாதே.