பன்னிரண்டாவது கிலோமீட்டர்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தின் தலைவர், விவசாயிகள் சங்கத்து ராஜமணி அண்ணாச்சி அவர்களே! மேடையிலுள்ள பெரியோர்களே! முன்வரிசையில் துயரம் தாங்கி அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் ராதாமணி அம்மா அவர்களே! கழுகுமலையிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் உழவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சம்சாரிகளே! உங்கள் எல்லோருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளன் மாயகிருஷ்ணனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பது வருஷம் மண்ணோடும் லாரிக்காரர்களோடும் மல்லுக்கட்டியவன் நான். கத்தத் தெரியும், பேசத் தெரியாது. ஆனாலும் இன்று பேசாமல் இறங்க மாட்டேன்.

தலைமைப் பொறியாளர் பூவனலிங்கம்! அந்தப் பெயரைச் சொல்லும்போதே என் முதுகு தானாக நிமிர்கிறது. மழையை மட்டுமே நம்பிக் கம்பும் உளுந்தும் விதைத்த இந்தக் கரிசலுக்குள் நாற்பத்தொரு கிலோமீட்டர் கால்வாய் வெட்டியவர் யார்? எங்கள் பூவனலிங்கம்! எட்டயபுரத்தோடு போதும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னபோது, பசுவந்தனை வரைக்கும் போயே தீரும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் யார்? எங்கள் பூவனலிங்கம்!

அவர் ஜீப்பில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். குடிப்பதற்கு இல்லை. போகிற இடத்து மண்ணைப் பொடித்து அதில் பாதிக்குப் போடுவார். மண் நிற்கிற மட்டத்தில் வெளியே ஒரு நூலைக் கட்டித் தண்ணீர் ஊற்றிவைப்பார். மறுநாள் பார்த்தால் மண் நூலைத் தாண்டி ஏறியிருக்கும். “பாத்தீரா வே, இது மண்ணு இல்ல, உளுந்த மாவு. பொங்கும்” என்பார். அதனால்தான் அவர் வைத்த சட்டம்: கான்கிரீட் பலகை பதிக்குமுன் மூன்றடி கரிசலைத் தோண்டி எறி, சரளைக் கொட்டி இறுக்கு, அப்புறம் பலகையை வை. அந்தச் சட்டத்தை மீறிய ஒருவன் உண்டு.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “ஐயாவின் பணியில் ஒரே ஒரு சறுக்கல், பன்னிரண்டாவது கிலோமீட்டர்” என்றார். உங்கள் கையிலுள்ள நினைவு மலரிலும் ஒன்பதாம் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சபையோரே, அந்தச் சறுக்கல் அவருடையதா? இல்லை! என்னுடையது!

தொண்ணூற்றாறாம் வருஷம், சித்திரை வெயில். ஐயா ஒரு வாரம் சென்னைக்குப் போயிருந்தார். வேலையை முடிக்கத் தேதி குறித்தாயிற்று, சரள் லாரியோ நாலு நாளாக வரவில்லை. மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை, எகிறியது. பாறையாகக் கிடக்கிற மண்ணுக்குச் சரள் எதற்கு என்று எனக்குத் திமிர். கரிசல் மேலேயே பலகைகளைப் பதிக்கச் சொன்னேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்துத்தாய் அம்மா இறங்கி வந்தார்கள். “ஐயா, சரளு போடாம பலகைய வைக்குதீங்களே! வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினாலே நாங்க சரள்தான் ரொப்புவோம். மழ பேஞ்சா இந்த மண்ணு சும்மா கெடக்குமா?” என்றார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ ஆட்டைப் பாரும்மா, கால்வாயை நாங்க பாத்துக்கிடுதோம்” என்றேன். படித்த திமிர்!

ஐப்பசியில் மழை விழுந்தது. மூன்றே நாள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பலகைகள் பொரித்த அப்பளமாக எழும்பிக் கிடந்தன.

ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், முத்துத்தாய் சொன்னதையும் சேர்த்து. “கூறுகெட்ட மனுஷன்வே நீரு!” என்று கத்தினார். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். “விசாரிக்க வாரவிய ஆளத் தேடி வரல வே. கால்வாய நிறுத்தச் சாக்குத் தேடி வாராவ. நாம ஒருத்தர ஒருத்தர் கைகாட்டிக்கிட்டு நின்னா எட்டயபுரத்தோட மூடிட்டுப் போயிருவாவ. பசுவந்தனைக்குத் தண்ணி போற வரைக்கும் நீரு வாயத் தொறக்கப்படாது.”

விசாரணையில் எழுந்து நின்றார். “பொறுப்பு என்னுடையது. மூன்று மாதத்தில் நானே சரிசெய்து தருகிறேன்” என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷம் பதவி உயர்வு நின்றது. அவரிடம் வேலை பழகியவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ராதாமணி அம்மா, உங்களிடமாவது சொன்னாரா? உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்று தெரிகிறது. என்னை மன்னியுங்கள்.

அவர் அதோடு விடவில்லை. முத்துத்தாயை ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து, “இன்னும் எங்கெங்கம்மா மண்ணு பொங்கும்?” என்று கேட்டுக்கொண்டே கரை முழுக்கப் போனார். அந்த அம்மா மூன்று இடம் காட்டினார்கள். மூன்றிலும் டம்ளரில் மண் நூலைத் தாண்டியது. அன்றிலிருந்து அந்தந்த நிலத்துக்காரரைக் கேட்காமல் ஒரு பலகை பதித்ததில்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரையும் சொன்ன கெடுவுக்குள் சரிசெய்தார். அதற்கப்புறம் அந்தக் கால்வாயில் இன்றுவரை ஒரு விரிசல் காட்ட முடியுமா? சவால் விடுகிறேன்!

இரண்டாயிரத்தொன்று தை மாதம், பசுவந்தனையில் தண்ணீர் இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நானும் உயர்வு வாங்கி, சால்வை போர்த்தி ஓய்வுபெற்றேன். பயம், வெட்கம், வேறென்ன?

சற்றுமுன் வாசலில் முத்துத்தாய் அம்மா என்னை மறித்தார்கள். “ஐயா, இன்னைக்காவது சொல்லுவீங்களா, இல்ல நான் மேடை ஏறட்டுமா?” என்றார்கள். அதோ, நாலாவது வரிசையில் இருக்கிறார்கள். சொல்லிவிட்டேன் தாயே!

பசுவந்தனைக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டர் கிளைக்கால்வாய் மிச்சமிருக்கிறது. அந்த டம்ளரை ஐயாவின் மகள் கிருஷ்ணப்ரியா என்னிடம் தந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு தினமும் கரையில் நிற்பேன். இளம் பொறியாளர்களே, சரள் போடாமல் ஒரு பலகை வைத்துப் பாருங்கள், என் தொண்டை இன்னும் கெட்டுவிடவில்லை!

ராஜமணி அண்ணாச்சி, ஒன்பதாம் பக்கத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எல்லா மலரிலும் எழுதுங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறேன்.

ஐயா, பசுவந்தனைக்குத் தண்ணீர் போய் மூன்று வருஷமாகிறது. இன்றுதான் வாயைத் திறந்திருக்கிறேன்.