திகாம் பத்து திடலில் மாஸ்டர் சசிதரன் விழுந்தது பற்றி

பெயர்: கேதரின் த/பெ மோரிஸ். வயது: பதினேழு. தொழில்: டோபி கடையில் உதவியாளர். கல்வி: மூன்றாம் படிவம் வரை. இருப்பிடம்: சுங்கை லாலாங், பழைய தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் உள்ள தரை வீடுகள். உடன் இருப்பவர்: என் தாயார் ரெஜினா. எழுதிக்கொள்பவர்: போலீஸ் கோப்ரல் ஷீலா.

எனக்கு மலாய் பேச வரும். ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்வேன் என்றேன், கோப்ரல் ஒப்புக்கொண்டார். நான் அதிகம் பேசிப் பழகியவள் இல்லை. அதனால் நடுவில் நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

பள்ளியை விட்ட பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு டோபி கடையில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். என்மீது புகார் கொடுத்திருக்கும் சசிதரன் அந்தக் கடையின் மேல்மாடியில் கப்போய்ரா வகுப்பு நடத்துகிறார். கப்போய்ரா பிரேசில் நாட்டு அடிமுறை. எல்லாரும் வட்டமாக நின்று பாடிக் கைதட்டுவார்கள், நடுவில் இரண்டு பேர் காலை வீசியும் குனிந்து தப்பியும் ஆடுவார்கள். மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கேட்டு ஒருநாள் கடை மூடியதும் படியேறிப் போனேன். செமிலிங்கிலிருந்து வரும் சாந்தினி த/பெ சின்னையா அங்கேதான் எனக்குத் தோழியானாள். அவள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

வகுப்பில் பெரிம்பாவ் என்று ஒரு வாத்தியம் உண்டு. வில்லைப்போல் வளைந்த மரத்தில் ஒரே கம்பி, அடியில் சுரைக்குடுக்கை, மெல்லிய குச்சியால் தட்ட வேண்டும். "நீ வாயத் தொறக்க மாட்ட. இதத் தட்டிக்கிட்டு ஓரமா நில்லு," என்று சசிதரன்தான் அதை என் கையில் கொடுத்தார். அதன் பிறகு ஆட்டத்துக்கு நான் தட்டிவந்தேன். பெரிம்பாவ் வைத்திருப்பவர் ஒரே ஒலியை விடாமல் திரும்பத் திரும்பத் தட்டினால், ஆடுகிற இருவரும் அப்படியே நிறுத்திவிட்டு அதன் அடிக்கு வந்து குந்த வேண்டும். அதற்குக் கூப்பிடுவது என்று பெயர். இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவர் சசிதரன்தான். ஆட்டம் சூடேறினால் அவரே குச்சியை வாங்கி இப்படித் தட்டி எங்களை நிறுத்தியிருக்கிறார். இப்போது அப்படி ஒரு விதியே இல்லை என்று அவர் போலீசில் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது. விதி தெரியாதென்றால் அவர் மாஸ்டர் இல்லை. தெரியுமென்றால் சொன்னது பொய். இரண்டில் ஒன்றை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

வகுப்பில் என்ன கற்றுக் கொடுத்தார் என்று கேட்கப்பட்டதால் சொல்கிறேன். மேடையில் பார்க்க அழகாக இருப்பதை எல்லாம் கற்றுக் கொடுத்தார். கை ஊன்றிப் புரள்வது, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பது, எல்லாமே மொசைக் தரையில், விரிப்பு இல்லாமல். யாராவது பயந்தால் "விழ பயமா இருந்தா வீட்டுல ஒக்காந்து நாடகம் பாரு," என்பார். எப்படி விழ வேண்டும் என்று ஒருநாளும் காட்டியதில்லை. ஊன்றிய காலைத் தட்டி விழவைப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு முறைதான். ஒருமுறை என் காலை அப்படித் தட்டினார், என் மோவாய் கிழிந்தது. அப்போது எல்லாருக்கும் கேட்கும்படி, "வட்டத்துல விழுந்தவன் எழுந்திரிச்சு சிரிக்கணும். கோவிச்சுக்கிட்டா அவன் கப்போய்ரா ஆள் இல்ல," என்றார். நானும் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு பள்ளி விடுமுறையில் சாந்தினியும் நானும் பஸ் ஏறிப் பினாங்குக்குப் போய் அங்குள்ள கப்போய்ரா குழுவின் வகுப்பில் கலந்துகொண்டோம். சசிதரன் முன்பு அந்தக் குழுவில் இருந்தவர். தமிழனுக்கு அங்கே மதிப்பில்லை என்று சொல்லிப் பிரிந்து வந்தவர். அன்று பிரேசிலிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் கற்றுக் கொடுத்தார். மத்தியானம் வரை விழுவதை மட்டும்தான் சொல்லித் தந்தார். மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, கையை மடக்கி, உருண்டு விழ வேண்டும், கையை நீட்டி ஊன்றக் கூடாது. சாந்தினி என் காதோரம், "இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தது விழறதுக்கா லா? எங்க மாமா தண்ணியப் போட்டுட்டு இத சும்மாவே செய்வாரு," என்றாள். அதன் பிறகு அந்த அம்மையார் எங்கள் மாஸ்டர் யார், அவருக்குக் கயிறு கொடுத்தது யார் என்று கேட்டார். மாஸ்டரின் பெயரை மட்டும் சொன்னோம்.

கயிறு என்பது இடுப்பில் கட்டுவது, நிறத்தை வைத்துத் தகுதி தெரியும். எங்கள் குழுவில் வெள்ளைக் கயிறு மாஸ்டருக்கு உரியது. தகுதியை அறிந்த மூத்த மாஸ்டர் ஒருவர்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று பினாங்கில் சொன்னார்கள். சசிதரனுக்கு அதைக் கட்டியவர் ஒரு கட்சியின் கிளைத் தலைவரான திரு. தர்மலிங்கம். எங்களுக்கு மண்டபமும் டீ-சட்டையும் ஏற்பாடு செய்து தருபவர் அவர்தான். கட்சி விருந்து ஒன்றில் மேடையேற்றி மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அப்படியே கயிற்றையும் கட்டிவிட்டார். நாங்கள் கீழே நின்று கைதட்டினோம்.

நாங்கள் பினாங்குக்குப் போனது யாரோ இணையத்தில் போட்ட படத்தின் மூலம் சசிதரனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வகுப்பில் எங்களை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார். "சோத்தத் திங்கறது இங்க, வாலாட்டறது பினாங்குலயா?" என்று கேட்டார். சாந்தினி, "ஒரு டவுட்டு மாஸ்டர். உங்களுக்குக் கயிறு யாரு குடுத்தா?" என்றாள்.

"தலைவர் கட்டுனத நீ பாக்கல?"

"பாத்தேன் மாஸ்டர். தலைவருக்கு கப்போய்ரா தெரியுமா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சசிதரன் சாந்தினியின் இடுப்புக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்து எடுத்துக்கொண்டார். "திகாம் பத்துல ஆடி வாங்கிக்க," என்றார்.

திகாம் பத்து திடலில் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே கட்சியின் குடும்ப தினம் நடந்தது. கூடாரத்துக்கு முன்னால் வட்டம் போட்டோம். நான் பெரிம்பாவ் தட்டினேன், அமலன் என்ற மாணவர் என் பக்கத்தில் மேளம் அடித்தார். கடைசியாக சசிதரன் சாந்தினியை உள்ளே இழுத்துக்கொண்டார். தொடக்கத்திலிருந்தே அவர் காலை அவள் முகத்துக்கு மிக அருகில் வீசினார். அவள் இரண்டு தடவை கையைத் தூக்கி, போதும் என்று காட்டினாள். அவர் நிறுத்தவில்லை. ஆகவே நான் கூப்பிட்டுத் தட்டினேன். சாந்தினி உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். சசிதரன் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்பி நின்றவளின் இடது காதில் காலால் உதைத்தார்.

நான் தட்டியது அவருக்குக் கேட்கவில்லையோ என்று கோப்ரல் கேட்டார். கேட்டது. கேட்டதால்தான் என்னைப் பார்த்தார்.

சாந்தினி என் காலடியில் வந்து விழுந்தாள். கூட்டம் அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்துக் கைதட்டியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, "கேத்தி, பாட்டு நின்னுபோச்சா?" என்று கேட்டாள். பாட்டு நிற்கவில்லை. நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு பெரிம்பாவையும் குச்சியையும் அமலனின் கையில் கொடுத்துவிட்டு, வட்டத்தின் வாயிலில் குந்தி, முறைப்படி சசிதரனிடம் கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தொட்டார். அதற்கு என்னோடு ஆட ஒப்புக்கொண்டார் என்று பொருள். "ஊமையும் வந்துருச்சு டோய்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் ஆடினோம். அதன் பிறகு அவர் இடது காலை ஊன்றி, சுழன்று, வலது காலை என் தலைக்கு மேலே வீசினார். நான் கீழே இறங்கி, கைகளைத் தரையில் ஊன்றி, என் பாதத்தை அவருடைய இடது குதிகாலுக்குப் பின்னால் கொக்கிபோல் மாட்டி இழுத்தேன். அவர் விழுந்தார். விழும்போது கையை நீட்டி ஊன்றினார், மணிக்கட்டு உடைந்தது. அதற்கும் கூட்டம் கைதட்டியது. அவர் எழுந்து சிரிக்கவில்லை.

நான் வாத்தியத்தின் கட்டையால் அடித்ததாகப் புகாரில் உள்ளது. கட்டை அமலனின் கையில் இருந்தது. பலர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சாந்தினியை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. இன்றுவரை அந்தக் காதில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவளுடைய அப்பா சின்னையா சசிதரன்மீது போலீசில் புகார் கொடுத்தார். அதன் பிறகுதான் சசிதரன் என்மீது புகார் கொடுத்தார். எது முன்னால், எது பின்னால் என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்கிறேன்.

அதன் பிறகு திரு. தர்மலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா லாரி ஓட்டப் போயிருந்தார், அம்மா தேநீர் கொடுத்தார். தர்மலிங்கம் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினார். "இங்க பாரு தங்கச்சி, பொம்பளப் புள்ள. போலீசு, கோர்ட்டுனு பேரு கெட்டுப்போயிரும். ரெண்டு பக்கமும் ரிப்போட்ட திரும்ப எடுத்துக்குவோம். வெளையாட்டுல தெரியாம பட்டுருச்சு, அவ்ளோதான். சின்னையாகிட்ட பேசிட்டேன், உம் மவ எழுதிக் குடுத்தா அவனும் குடுத்துருவான்," என்றார். என் கால் தெரியாமல் பட்டுவிட்டது என்று நான் எழுத வேண்டும். சாந்தினியின் காதும் அப்படியே தெரியாமல் பட்டது என்று ஆகிவிடும்.

அம்மா, "செஞ்சிருவோம் அண்ணே," என்றார்.

நான், "அப்புறம் மாஸ்டர் என்னா செய்வாரு?" என்று கேட்டேன். தர்மலிங்கம் வந்ததிலிருந்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னா செய்வாரு? வகுப்பு நடத்துவாரு. அடுத்த வருசம் தமிழ்ப்பள்ளிப் புள்ளைங்களுக்கே சொல்லித் தரப் போறாரு, எல்லாம் பேசி வச்சாச்சு," என்றார்.

நான் எழுதித் தர முடியாது என்றேன். தர்மலிங்கம் அம்மாவைப் பார்த்து, "படிப்ப விட்ட புள்ளைக்கு இவ்ளோ வாயி ஆகாது," என்றார். தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா அதை எடுத்துப்போய்க் கொட்டினார்.

நான் மறுத்த பிறகு சின்னையா மாமாவும் எழுதித் தரவில்லை. சாந்தினி ஃபோனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, "எங்கப்பா கையில பேனாவ வச்சுக்கிட்டு உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு லா. நீ கையெழுத்துப் போட்டிருந்தா என் காத வித்துருப்பாரு," என்றாள்.

இப்போது கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். என் கால் தவறிப் பட்டதா என்று கேட்டால், இல்லை. நான் வேண்டுமென்றே தட்டினேன். அவரை விழவைக்க நினைத்தேன், விழவைத்தேன். அது ஆட்டத்தில் உள்ள முறை, என்மீதே அவர் செய்த முறை, அவர் கையைத் தொட்டு ஒப்புக்கொண்ட பிறகு செய்தது. அவர் சாந்தினியை உதைத்ததும் வேண்டுமென்றேதான். ஆனால் அது ஆட்டத்தில் இல்லாதது. கூப்பிட்ட பிறகு, திரும்பி நின்றவளை உதைத்தது. அவருடைய மணிக்கட்டு உடைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மாஸ்டருக்கு விழத் தெரியும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க விருப்பமா என்றால், இல்லை. நான் செய்ததற்குச் சட்டத்தில் என்ன உண்டோ அது எனக்கு வரட்டும். அவர் செய்ததற்கு உள்ளது அவருக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி மூட நான் சம்மதிக்கவில்லை.

மேலே எழுதியதை கோப்ரல் ஷீலா எனக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினார். 'வேண்டுமென்றே' என்று இருப்பது எனக்கே பாதகமாக முடியலாம் என்று விளக்கினார். அதை எடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார், வேண்டாம் என்றேன். நான் வயதில் சிறியவள் என்பதால் என் தாயாரையும் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "அவ சொன்னபடியே இருக்கட்டும் மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

கேதரின் த/பெ மோரிஸ்
(கையொப்பம்)

தாயார்: ரெஜினா
(கையொப்பம்)