சிரிக்கக் கூடாத வரிசை

தங்கச் சுரங்கத்துக்கு வெளியே, கல் பொறுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவள் குனிந்து தன் மகளிடம் சொன்னாள்:

“மேஸ்திரி எதிர்ல சிரிச்சிடாதடி.”

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். “கொழந்த சிரிச்சா இன்னாக்கா?”

“முன்பல்லு நேத்துதான் வுழுந்துச்சி. பால்பல்லுன்னு தெரிஞ்சா சின்னப் புள்ளன்னு திருப்பி அனுப்பிடுவாரு. பத்து வயசுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“இவ அப்பா இன்னா பண்றாரு?”

“சொரங்கத்துக்குள்ள எறங்குற ஷாப்டுல கல்லு வுழுந்து இடுப்பு போச்சு. படுத்த படுக்கைதான். என் ஒருத்தி கூலில அஞ்சு வயிறு.”

 அந்தப் பெண் சிறுமியின் தாடையைத் தொட்டு, “உனக்கு எத்தினி வயசும்மா?” என்று கேட்டாள்.

சிறுமி உதடுகளை இறுக மூடிக்கொண்டு, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.