ஸ்லோ நிக்காத வண்டி

— ஆக்சிலேட்டரை விடு தங்கச்சி, விடு. நீ முறுக்கிக்கிட்டே இருந்தா வண்டிக்கு என்ன நோவுன்னு நான் எப்படிக் கேக்குறது?

— விட்டா அணைஞ்சிரும் சின்னச்சாமியண்ணே. ரயில்வே கேட்டுல விட்டேன், பொசுக்குன்னு நின்னுருச்சு. பின்னாடி பஸ்காரன் ஹாரனா அடிக்கிறான். ஒரே கறுப்புப் புகை, சேலையெல்லாம் பெட்ரோல் வாடை.

— அணையட்டும், விடு. அவ்வளவுதான். எறங்கு இப்ப. உச்சிப்புளி கடைத்தெரு வழியா நீயேவா ஓட்டிக்கிட்டு வந்தே?

— பின்ன வேற யாரு? ஒங்க மாப்ளதானே பழக்கிவிட்டாக. சவூதி தம்மாம்லருந்து ரெண்டாவது லீவுல வந்தப்ப, அரியமான் ரோட்டுல.

— ஹமீது சுல்தான் செஞ்ச வேலைய ஊரே பேசுச்சு பாத்துக்க. மெஹருன்னிசா மோட்டார் சைக்கிள் ஓட்டுதாம்லன்னு. நானே அவன்கிட்ட கேட்டேன், ஏலே, ஏன்டா இதுன்னு. நான் அங்கன கெடக்கேன், இங்கன புள்ளைக்குக் காய்ச்சல்னா வண்டி எடுக்க யாருடான்னான்.

— லீவுல வந்தா வீட்டுக்கு வரதுக்கு முன்னாடி இந்த ஒர்க்ஷாப்புக்குத்தானே வருவாக. பெட்டியெல்லாம் கார்லயே இருக்கும், இங்கன டீ ஓடும். நான் சோத்துக்கு வச்ச ஆணத்தை மூணு தடவை சூடு பண்ணி வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பேன். அப்பல்லாம் ஒங்களைத் திட்டாத நாளு இல்ல.

— தெரியும், தெரியும். ஒங்க தங்கச்சி கையில கரண்டியோட நிக்கிது மச்சான்னு சொல்லிக்கிட்டே இன்னொரு டீ சொல்லுவான்.

— சரிண்ணே, வேலையப் பாருங்க. மூணு மணிக்குக் கமுதியிலருந்து ஆள் வாராக. அதுக்குள்ள ஆக்சிலேட்டரை விட்டாலும் அணையாம ஸ்லோ நிக்கணும்.

— எதுக்கு வாராக?

— வண்டிய எடுத்துட்டுப் போக. விலை பேசி முடிச்சாச்சு. என்னண்ணே, எதைக் கழட்டுறீங்க?

— ப்ளக்கைக் கழட்டுறேன். இந்தா பாரு, அடுப்புக்கரி மாதிரி இருக்கு. பெட்ரோல் அள்ளி அள்ளி ஊத்துது, எரியுறதுக்குக் காத்து இல்ல. அதான் புகை. அதான் ஸ்லோ நிக்க மாட்டேங்குது. எட்டு மாசமா ஒரே எடத்துல நின்ன வண்டில்ல?

— எட்டு மாசம் பத்து நாளு. அவுக மீன் வாங்கிட்டு வந்து ஸ்டாண்டு போட்டாக. சாவியக்கூட எடுக்கல, அப்படியே வண்டி மேலயே சாஞ்சுட்டாக.

— மதுரை ஆஸ்பத்திரிக்கு நானுந்தான வந்தேன். வாதத்துல விழுந்த கையும் காலும் கொஞ்சங் கொஞ்சமா வரும், பேச்சு வந்தாலும் வரும்னாரு டாக்டரு.

— வலது கை லேசா அசையுது. பேச்சு வரல. என் பேரு வரல, பேரப்புள்ள பேரு வரல, அல்லாஹ் பேருகூட வாயில வரல. உதடு மட்டும் துடிக்கும்.

— அதுக்கு இந்த வண்டி என்ன பண்ணுச்சு தங்கச்சி?

— கட்டில்ல படுத்தா சன்னல் வழியா வண்டி தெரியும். விடிஞ்சதுலருந்து அதையேதான் பாப்பாக. பாக்கப் பாக்க கண்ணுல தண்ணி வழியும். தொடைச்சுவிட்டா மறுபடி வழியும். ஓட்ட முடியலையேன்னு அந்த மனுசன் தெனம் வேகணுமா? கண்ணுல படாம போகட்டும்னுதான் முடிவு பண்ணேன்.

— கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?

— போட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. கழுத்தை வளைச்சு வளைச்சு சன்னல் பக்கமே பாத்தாக. மறுபடி திருப்பிப் போட்டுட்டேன்.

— அப்ப அவனுக்கு அதைப் பாக்கணும்னு இருக்குல்ல? இதுகூடவா ஒனக்குப் புரியல?

— நீங்க வந்து பாத்தீங்களாண்ணே? அழுகுறதை ஒருநாள் பக்கத்துல இருந்து பாத்தீங்களா? ரெண்டு மாசமா எங்க வாசலை மிதிக்கல நீங்க.

— வந்து என்னத்தப் பேச? நான் ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒன்பது சொல்றவன். இப்ப நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவன் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கான். என்னால அங்கன உக்கார முடியல தங்கச்சி.

— நான் மட்டும் உக்காந்திருக்கணும்.

— தப்புத்தான். நான் வந்திருக்கணும்.

— விடுங்க. அது என்ன, மூடியக் கழட்டிட்டு அப்படிப் பாக்குறீங்க?

— அட ஏலே! ஏர் பில்ட்டர் வாயில மண்ணுக்குளவி வீடு கட்டிக் குடியிருந்திருக்கு. இப்படி அடைச்சுக்கிட்டா காத்து எங்கிட்டு உள்ள போகும்?

— யா அல்லா, குளவி உள்ள இருக்கா?

— காலி பண்ணிட்டுப் போயிருச்சு. தள்ளி நில்லு, தட்டுறேன். மண்ணு கண்ணுல விழும்.

— ஒரு தடவை பாம்பன் பாலத்துல இப்படித்தான் நின்னுச்சு. நிக்காஹ் முடிஞ்ச மூணாம் நாளு. துப்பட்டியைப் புடிக்க ஒரு கை, அவுகளைப் புடிக்க ஒரு கைன்னு போறேன், நடுப்பாலத்துல புகையைக் கக்கிட்டு நின்னு போச்சு. ப்ளக்கைத் தொடைக்கத் துணி இல்ல. என் துப்பட்டி முனையை எடுத்தாக பாருங்க. புதுசு, பால் மாதிரி வெள்ளை.

— திட்டுனியா?

— அழுதேன். அழுவாத புள்ள, கீழ கடல்ல போட்டுக்காரங்க பாக்குறாங்க, யாரையோ தூக்கிட்டு வந்துட்டான்னு மேல ஏறி வந்து என்னை மொத்துவாங்கன்னாக. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்தத் துப்பட்டி இன்னும் பெட்டியில இருக்கு. கரி போகவே இல்ல.

— அது என் கரி தங்கச்சி.

— என்ன சொல்றீங்க?

— நிக்காஹுக்கு முந்துன நாளு நாந்தான் ட்யூன் பண்ணுனேன். ரெண்டு பேரும் அப்பத்தான் ராமநாதபுரத்துல மெக்கானிக் தொழில் பழகிக்கிட்டிருந்தோம். ஏர் ஸ்க்ரூவை ரொம்ப உள்ள விட்டுட்டேன், காத்து போற வழி அடைஞ்சு போச்சு. சொல்லலையா அவன்?

— பெட்ரோல் சரியில்லன்னாகளே. இத்தனை வருசமா பங்க்காரனையில்ல நான் ஏசிக்கிட்டிருந்தேன்.

— என்னைக் காட்டிக்குடுக்கல பாத்தியா. கட்டுன பொண்டாட்டிகிட்டகூட.

— அண்ணே, அழுவாதீங்க. எனக்கும் வந்துரும்.

— இல்ல இல்ல. பில்ட்டர் சுத்தம். ப்ளக்கும் மாத்தியாச்சு. ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடி, ஒன்றரை சுத்து தெறந்து வச்சிருக்கேன். இப்ப உதை.

— பிஸ்மில்லாஹ். இந்தா, புடிச்சுக்கிருச்சு!

— கொஞ்சம் முறுக்கிப் புடி. சூடேறட்டும். ம், இப்ப கையை எடு.

— எடுத்துட்டேன். நிக்குதுண்ணே! புகையும் இல்ல.

— பொறு, ஸ்லோவை லேசா கொறைக்கிறேன். போதும். இனி இது ராமேஸ்வரம் வரைக்கும் நிக்காம போகும். ஒன் போன் அடிக்குது பாரு.

— மருமக. என்னம்மா சுஹா?

— மாமி, எங்கன இருக்கீக? வண்டிய எடுத்துட்டுப் போறதை மாமாகிட்ட சொல்லலையா? தூங்கி எந்திரிச்சதுலருந்து சன்னலைப் பாத்துக்கிட்டு கட்டிலைத் தட்டுறாக. என்னால சமாளிக்க முடியல.

— சொல்லத் தைரியம் வரலம்மா. இந்தா, கெளம்பிட்டேன்.

— அது என்ன சத்தம்? நம்ம வண்டியா மாமி? மாமா தட்டுறதை நிறுத்திட்டாக. போனைக் குடுன்னு கை நீட்டுறாக!

— காதுகிட்ட வையும்மா. அண்ணே, நீங்க பேசுங்க.

— நான் என்னத்த தங்கச்சி...

— பேசுங்கண்ணே!

— மாப்ள, நாந்தான் சின்னச்சாமி. ஒன் வண்டிதான்டா. குளவி கூடு கட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன். ஸ்லோ நிக்குது, கேக்குதா?

— மாமி, மாமா உதடு அசையுது. என்னமோ சொல்ல வாராக. என்ன மாமா? என்ன வேணும்?

— இல்ல மச்சான்... ஸ்க்ரூ... இன்னும்... கால் சுத்து.