முதல் குடம் எனக்கு வேண்டாம்

மாலையின் கனத்தில் சற்றே குனிந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், கயிற்றுக்கடை தமீம் பாய் அவர்களே, எர்ணாவூர்க் குடியிருப்பின் மூத்தோரே, வெயில் தாழும் முன்பே முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மாரே, மின்விசிறிக்கு நேராக உட்காரத் தெரிந்த அறிவாளிகளே, அனைவருக்கும் இந்தச் சொக்கம்மாளின் வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு முடிந்தது என் படிப்பு. மைக்கைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. வாய்க்கு மட்டும் அது தெரியாது.

'மூத்தோரைப் போற்றுவோம்' என்று தலைப்பு. எனக்கு முன் பேசிய கல்லூரிப் பெண் கீர்த்தி, வடசென்னைக்காரர் வாயில் மரியாதை இல்லை, ஊரே சிரிக்கிறது, திருந்த வேண்டும் என்றாள். திருந்தலாம் கண்ணு. அதற்கு முன் நம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா?

எதிர்வீட்டு ஜஹானாரா வீட்டில் உருது. மாமனார் நுழைந்தால் முக்காடு ஏறும், குரல் இறங்கும். 'ஆப்' என்பார்கள், அதாவது 'நீங்கள்'. பெற்ற பிள்ளைக்கும் 'ஆப்'தான். அத்தனை மரியாதையாகத் திட்டு வாங்கும் பிள்ளைகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. முறைக்காதே ஜஹானாரா, உன் வீட்டுப் பெருமையைத்தான் சொல்கிறேன்.

இரும்புப் பட்டறைக்கு ஒடிசாவிலிருந்து ஒருவர் வந்தார். பெரியவர்களைக் கண்டால் குனிந்து காலைத் தொடுவது அவர் வழக்கம். அங்கே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கோதண்டமோ, யார் காலிலும் விழாதே, யாரையும் விழவிடாதே என்று வளர்க்கப்பட்டவர். அவர் குனிவார், இவர் துள்ளிக் குதிப்பார். "எயுந்திருப்பா, கால்ல இன்னா கீது? கிரீஸ்தான் கீது." குனிந்தவர் செய்ததும் மரியாதை. தூக்கி நிறுத்தியவர் செய்தது மட்டும் என்னவாம்?

எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் மாமனார் இருந்த காலம். அவர் படியேறினால் கோதண்டம் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார். புகை தலைக்கு மேல் எழும்பும்.

"இன்னாடா, ஒயரு எதுனா எரியுதா?"

"இல்ல நைனா. நீ நாஷ்டா துன்னியா?"

'நீ' என்றுதான் கேட்டார். ஆனால் மறைத்தாரே ஒரு பீடி, அது மரியாதை இல்லையா? பார்த்தும் பாராமல் போனாரே கிழவர், அது மகனுக்குத் தந்த மரியாதை இல்லையா?

அந்தக் கோதண்டம் ஐப்பசியில் போய்விட்டார்.

கண்ணைத் துடைக்காதீர்கள். நான் அழுவதற்கு மேடை ஏறவில்லை. சண்டை போட ஏறியிருக்கிறேன்.

அவர் போனபின் முதன்முறையாகக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போனேன். வரிசை விலகியது. "நீங்க முன்னாடி புடிச்சிக்குங்கம்மா." சொன்னது யார்? இதே ஜஹானாரா. "ஏய் சொக்கு, உன் குடத்த நவுத்துமே, என்னுது முன்னாடி கீது" என்று வருஷக்கணக்காக என்னை இழுத்துப் போட்டுச் சண்டை பிடித்தவள். அன்றிலிருந்து எனக்கு முதல் குடம். வாங்கம்மா என்கிறீர்கள், உக்காருங்கம்மா என்கிறீர்கள். நான் வந்தால் சிரிப்பு அடங்குகிறது, பேச்சு நிற்கிறது. வீட்டில் பேச ஆளில்லை, சரி. தெருவிலுமா எனக்கு ஆளில்லாமல் போக வேண்டும்?

என்ன ஜஹானாரா, எழுந்து நின்று என்னவோ சொல்கிறாயே, சத்தமாகச் சொல்.

"துக்கத்துல கீறியேன்னு வுட்டுக்குட்தா, மேடையேறி என் மானத்த வாங்கினுகீறியா நீ?"

கேட்டீர்களா பெரியோர்களே? எத்தனை மாதம் ஆயிற்று, இந்தக் குரலைக் கேட்டு.

குனிந்து தருகிற மரியாதை உண்டு. எழுப்பித் தருகிற மரியாதை உண்டு. மறைத்துத் தருகிற மரியாதை உண்டு. நொந்து கிடப்பவளை வம்புக்கு இழுத்து, நீயும் எங்களில் ஒருத்தி என்று காட்டுகிற மரியாதையும் உண்டு. எனக்கு அதைக் கொடுங்கள். நாளைக் காலையில் லாரி வரும். என் குடம் எத்தனையாவதாக வருகிறதோ, அங்கேயே நிற்கட்டும். நான் முன்னே கொண்டுபோய் வைத்தால் உதைத்துத் தள்ளுங்கள். நானும் பதிலுக்குத் தள்ளுவேன்.

இடையில் மணி அடிக்காத தலைவருக்கும், மைக்கைப் பிடுங்காத கீர்த்திக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. ஜஹானாரா, கீழே இறங்கி வருகிறேன், மிச்சத்தை அங்கே பேசு. வணக்கம்.